நிலம் கடந்த காதலும் தோழியின் நகையும்: குறிஞ்சி மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இருவேறு நிலச்சூழலைச் சேர்ந்தோர் காதலைப் பாடும் தமிழ் அகப்பாடல்களில் நகை பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. தலைவனைத் தோழி நகையாடி மறுக்கும் இடங்கள் பெரும்பாலும் காதலை நீட்டிக்கும் உத்தியாகவே விளக்கப்பட்டுள்ளன. அவை தன் நிலத்தை அயலான் எவ்வளவு அறிந்திருக்கிறான் என்று பார்க்கும் தேர்வாகவும் அமைகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. சங்கப் பாடல்கள், திருக்கோவையார், கந்தபுராணம், குறவஞ்சி ஆகியவற்றோடு ஒரு திரைப்படமும் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. மலையும் ஆற்றுவெளியும் அடுத்தடுத்து அமைந்த கள்ளக்குறிச்சிப் பகுதி களமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: குறிஞ்சி, நகை, எள்ளல், சேட்படை, நிலத்தின்மை, கபிலர், கல்வராயன் மலை

களம்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கில் கல்வராயன் மலையும், கிழக்கில் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூரும் உள்ளன. கோமுகி, மணிமுத்தாறு ஆகிய ஆறுகள் அம்மலையில் தோன்றிச் சமவெளிக்கு இறங்குகின்றன. மலையில் சாமையும் தினையும் மரவள்ளியும் விளைய, கீழே நெல்லும் கரும்பும் விளைகின்றன. குறிஞ்சியும் மருதமும் இலக்கணப் பகுப்புகளாக மட்டுமன்றி, ஒரு பகற்பொழுதில் கடக்கக்கூடிய நிலங்களாகவும் இங்கே இருக்கின்றன.

சங்கப் பாடல்களிலும் இந்த அணுக்கம் உண்டு. கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி முள்ளூர் மலைக்கும் தலைவன். அவன் வழங்கிய தேர்கள் முள்ளூர் உச்சியில் பெய்யும் மழைத்துளியினும் பலவென்று கபிலர் பாடினார் (புறம். 123). குறிஞ்சி பாடுவதில் தலைசிறந்தவராகப் போற்றப்படும் அப்புலவரின் இறுதிக்காலமும் இந்நிலத்தோடு இணைத்தே நினைவுகூரப்படுகிறது. பாரியின் மகளை மலையர்க்கு மணம்செய்து கொடுத்த பின் கபிலர் பெண்ணையாற்றில் தீப்புகுந்தார் என்னும் செய்தியைத் திருக்கோவலூர்க் கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு தருகிறது. ஆற்றின் நடுவிலுள்ள பாறை இன்றும் கபிலர் குன்று எனப்படுகிறது.

பறம்பு மலையின் பெண்ணைப் பெண்ணைக்கரை மன்னர்க்கு மணமுடித்ததும் நிலம் கடந்த திருமணமே. அதற்கு முன் கபிலர் இருங்கோவேளிடம் சென்று மறுக்கப்பட்டார். அவ்வேளின் முன்னோர் கழாத்தலையாரை இகழ்ந்ததால் அரையம் என்னும் பேரூர் அழிந்தது என்று அவர் நினைவூட்டுகிறார் (புறம். 202). இகழ்ச்சி ஊரை அழிக்கும் என்று சொன்ன அதே புலவரின் பெயரில்தான் அக இலக்கியத்தின் சிறந்த நகைக்காட்சிகள் சிலவும் வழங்குகின்றன. இகழ்ச்சிக்கும் நகைக்கும் இடையிலான வேறுபாடு இவ்வாய்வுக்கு அடிப்படையானது.

திணைமயக்கம் என்னும் விளக்கத்தின் போதாமை

இருவேறு நிலத்தோர் காதலைப் பேச முற்படும் ஆய்வுகள் பெரும்பாலும் திணைமயக்கத்தில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. உரிப்பொருள் ஒழிந்தவை மயங்கலாம் என்னும் அகத்திணையியல் விதி, நெய்தல் பறவை மருதத்தில் வருவதையும் முல்லைப்பூ குறிஞ்சியில் மலர்வதையும் விளக்கப் போதுமானது. ஓர் ஊரின் மகள் மற்றோர் ஊரின் மகனை ஏற்க வேண்டிய நிலையில் என்ன பேசப்படுகிறது என்பதை அவ்விதி விளக்காது. அங்கே மயங்குபவை கருப்பொருள்கள் அல்ல, எதிர்ப்படுபவர் மனிதர்.

இதற்கு மெய்ப்பாட்டியலே உதவுகிறது. நகை பிறக்கும் நிலைக்களன்களாக அது கொள்ளும் நான்கில் எள்ளல் முதலாவது. ஏனையவை இளமையும் பேதைமையும் மடனும். எள்ளலைப் பேராசிரியர் இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவதும், பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதும். யார் யாரைக் கண்டு சிரிக்கிறார் என்னும் வினா இப்பகுப்பிலேயே அடங்கியுள்ளது. நிலம் கடந்த காதலில் இவ்வினாவுக்கு எடை கூடுகிறது. சிரிப்பவர் எந்த நிலத்தவர் என்பதும் உடன் கேட்கப்பட வேண்டியதாகிறது.

மீன் நாற்றம்

நற்றிணை 45ஆம் பாடல் நெய்தல் திணையது. பாடியவர் பெயர் தெரியவில்லை. தேரில் வந்து நிற்கும் செல்வ நகரத்து இளைஞனிடம் தோழி பேசுகிறாள். இவள் கடலில் மீன் பிடிக்கும் பரதவர் மகள்; நீயோ கொடிகள் அசையும் பழைய ஊரின் தேர்ச்செல்வன் மகன். நிணச்சுறாவை அறுத்து உலர்த்தி, பறவைகளை ஓட்டி வாழும் எம்மிடம் புலால் நாறும், விலகி நில். இவ்வாறு சொல்லிவிட்டு, எம்மவருள்ளும் தகுதியுடைய ஆண்மக்கள் உண்டு என்று முடிக்கிறாள்.

இப்பாடலைச் சமூக ஏற்றத்தாழ்வின் பதிவாகப் படிப்பது வழக்கம். அப்படிப்பு தவறன்று, ஆனால் பாடலின் குரலை அது முழுமையாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தாழ்வுணர்ச்சி கொண்டவள் கடைசித் தொடரைச் சொல்லியிருக்க மாட்டாள். மீன் நாற்றத்தைத் தாழ்மையின் அடையாளமாக முதலில் நீட்டியவள், அதையே வேலியாக மாற்றிக்கொள்கிறாள். நாற்றம் பொறுக்காதவன் திரும்பிப் போகட்டும், பொறுப்பவன் நிற்கட்டும் என்பது அச்சொல்லின் உட்பொருள்.

இதனோடு ஒப்பிடத்தக்க ஓர் இடம் சேக்சுபியரின் 'ஆசு யூ லைக் இட்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் உள்ளது. அரண்மனைக் கோமாளி டச்சுடோன், காட்டில் ஆடு மேய்க்கும் கோரினை நாகரிகம் அறியாதவன் என்று கேலி செய்கிறான். அரண்மனையில் கைகளை முத்தமிட்டு வணங்குவீர்கள்; ஆட்டின் தோலைத் தொட்டுப் பிசுபிசுக்கும் எங்கள் கைகளுக்கு அது பொருந்தாது என்று கோரின் விடை தருகிறான். மீன் மணக்கும் கையும் ஆட்டுக் கொழுப்பு ஒட்டிய கையும் ஒரே வாதத்தையே முன்வைக்கின்றன. நார்த்ராப் பிரை 1957இல் வெளியிட்ட திறனாய்வு நூலில் இவ்வகை நாடகங்களின் காட்டைப் 'பசுமை உலகு' என்றார். நகரத்தார் அங்கே சென்று குழம்பி, தெளிந்து, மணமுடித்து, மீண்டும் நகருக்குத் திரும்புகின்றனர். காடு அவர்களுக்கு இரவல் இடம். அகப்பாடலின் மலையும் கடற்கரையும் அத்தகையவை அல்ல. அங்கே உரிமையோடு நின்று கேள்வி கேட்கும் ஒருத்தி இருக்கிறாள். ஐரோப்பிய இன்பியல் நாடகக் கோட்பாட்டைத் தமிழ்ப் பாடல்களுக்கு அப்படியே பொருத்துவோர் தவறவிடுவது இவளையே.

கபிலரும் குறிஞ்சியின் உட்பிரிவும்

குறிஞ்சிப் பாடல்களின் தலைவனும் பெரும்பாலும் மலைநாடனே. வெற்பன், நாடன், சிலம்பன் என்னும் பெயர்களே இதற்குச் சான்று. அவ்வாறாயின் அங்கே நிலப்பிளவு எங்கே உள்ளது என்னும் வினா எழும். குறிஞ்சிக்குள்ளேயே ஒரு பிளவு உண்டு. காட்டை எரித்துத் திருத்திய தினைப்புனம் பெண்ணின் இடம். அதைச் சூழ்ந்த வேட்டைக்காடு ஆணின் இடம். கிளி ஓட்டுதல் விளைச்சலைக் காக்கும் தொழில். விலங்கைத் துரத்துதல் அவ்விளைச்சலுக்குள் புகுந்து கடக்கும் தொழில். புனத்துக்கு யானையும் பன்றியும் எந்த அளவு இடையூறோ, வேட்டை நாய்களோடு வரும் இளைஞனும் அந்த அளவு இடையூறே.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளில் இக்காட்சியை விரிக்கிறது. தப்பிய விலங்கைத் தேடி நாய்களுடன் வந்தவன் மகளிரிடம் அதைப்பற்றி வினவுகிறான், அவர்கள் வாய்திறக்கவில்லை. விலங்கைப் பற்றிச் சொல்லாவிடினும் என்னோடு ஒரு சொல் பேசுவதும் குற்றமோ என்று அவன் அடுத்துக் கேட்கும்போது, தேடிவந்தது விலங்கு அன்று என்பது வெளிப்பட்டுவிடுகிறது. பின்னர் மதயானை வருகிறது. அஞ்சிய மகளிர் அவனை நோக்கி ஓடுகின்றனர். அவன் அம்பு தொடுக்கிறான். நகையில் தொடங்கிய காட்சி அச்சத்தின் வழியே உவகைக்குச் செல்கிறது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடியது என்னும் பழங்குறிப்பையும் இங்கே கருதலாம். அயல் நிலத்து அரசனுக்குக் கற்பிக்கத் தேர்ந்த பாடம், வேறிடத்திலிருந்து வந்தவன் புனத்தில் எவ்வாறு பேச வேண்டும் என்பதாக அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம், ஆயினும் பொருத்தமானது.

குறிஞ்சிக்கலி கபிலருடையது என்பது பிற்கால வெண்பா ஒன்றின்வழி வரும் மரபு. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது நூலை நல்லந்துவனார் பெயராலேயே வெளியிட்டார். ஆசிரியர் யாராயினும், 51ஆம் கலி தமிழின் மிகச் செம்மையான காதல் நகைக்காட்சி. சிறுவயதில் மணல்வீட்டை மிதித்துச் சிதைத்தவன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்து அவள் கையைப் பற்றுகிறான். அவள் அலறுகிறாள்; தாய் ஓடி வருகிறாள்; நீர் விக்கினான் என்று அவள் பொய் சொல்கிறாள்; தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். எள்ளலும் இளமையும் மடனும் ஒருங்கே வருகின்றன. ஆனால் இருவரும் ஒரே ஊரினர். ஆகவே அங்கே நகை உறவை மறைக்கப் பயன்படுகிறது. அயலானைச் சோதிக்க வேண்டிய தேவை எழவில்லை. நிலம் கடந்த காதலின் நகையை இதிலிருந்து பிரித்தறிய இவ்வொப்பீடு உதவும்.

அவ்வேறுபாட்டைத் துலக்குவது கபிலரே பாடிய ஐங்குறுநூற்றுக் குறிஞ்சிப் பாடல் (203). உடன்போய் மீண்ட தலைவியிடம், அவன் நாட்டு நீர் நல்லதன்றே, அதை எப்படிக் குடித்தாய் என்று தோழி கேட்டதாகத் துறைக்குறிப்பு உள்ளது. நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட, அவர் நாட்டில் தழை மூடிய குழியில் மான் குடித்து மிஞ்சிய கலங்கல் நீர் இனியது என்கிறாள் அவள். காதலின் ஆழத்துக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் இதைப் பயன்படுத்துவதுண்டு. தோழியின் கேள்வியை நீக்கிப் படித்தால் அவ்வளவே கிடைக்கும். கேள்வியைச் சேர்த்துப் படித்தால், முகம் சுளித்து நிற்கும் ஒருத்தியும், அவள் முகத்தைக் கண்டும் மிகைபடப் பேசும் மற்றொருத்தியும் தோன்றுகின்றனர். நீர் கலங்கல் என்பதையும், மான் குடித்த மிச்சம் என்பதையும் தலைவி மறைக்கவில்லை. குறையை ஒப்புக்கொண்டே சுவையை ஏற்றுகிறாள். அயல் நிலத்தின் சூழலோடு அவளது உடல் உடன்பட்டுவிட்டதை இந்நகை காட்டுகிறது. செம்மண்ணும் மழைநீரும் கலந்த குறுந்தொகை உவமை (40) பெற்ற புகழில் ஒரு பங்காவது இப்பாடலுக்குக் கிடைத்திருக்க வேண்டும். நிலப்பிளவின் உண்மையான சிக்கலை, குடிநீர்ச் சிக்கலை, பேசுவது இதுவே.

இத்தழை எம் மலையில் இல்லை

சங்கப் பாடல்களில் சிதறிக் கிடந்த இந்நகையைக் கோவை இலக்கியம் வரிசைப்படுத்தியது. நானூறு செய்யுள் கொண்ட திருக்கோவையாரில் தலைவன் தோழியை அணுகி வேழம் வினாவுகிறான், கலைமான் வினாவுகிறான், வழி, ஊர், பெயர் என்று வினாக்கள் நீள்கின்றன. தோழி ஐயுறும் துறை நுட்பமானது. வேட்டையைப் பற்றிப் பேசுகிறான், கையில் வில் இல்லை; இருப்பது தழை; சொல்வதில் ஒன்றும் மெய்யாகத் தோன்றவில்லை; புனத்தை விட்டு நகரவும் மாட்டான் என்று அவள் எண்ணுகிறாள். வேட்டுவர் மகளிடம் வேட்டுவனாக நடிப்பவன் கருவியை மறந்து வந்திருக்கிறான் என்பதே இங்குள்ள நகை. நிலத்தொழில் அறிந்தவர்க்கே அது புலப்படும்.

சேட்படை என்னும் பகுதியில் தழையுடையை ஏற்க மறுக்கும் துறைகள் அடுக்கடுக்காக வருகின்றன. சந்தனத் தழை தகாது என்று மறுத்தல் ஒன்று. அடுத்தது நிலத்தின்மை கூறி மறுத்தல்: நீ கொண்டுவந்த தழை எம் மலையில் இல்லாதது, இதை இவள் உடுத்தால் குறவர் ஐயுறுவர் என்பது அதன் பொருள். குலமுறை கூறி மறுத்தல், நகையாடி மறுத்தல் ஆகியவையும் இப்பகுதியிலேயே வருகின்றன.

நிலத்தின்மை என்னும் இத்துறைப்பெயர் தனிக்கவனம் பெறத்தக்கது. மறுப்புக்குரிய காரணம் இங்கே குலமோ செல்வமோ அன்று, ஓர் இலை. அந்த இலை எங்கே வளரும், எங்கே வளராது என்பதைக் குறவர் அனைவரும் அறிவர். ஆதலால் அது சாட்சியாகிவிடும். காதலன் அன்பினால் கொண்டுவந்த பரிசு, சூழலை அறியாமையால் காட்டிக்கொடுக்கும் பொருளாக மாறுகிறது. இவள்மேல் எவ்வளவு அன்பு என்று தோழி கேட்கவில்லை. எம் மலையில் எது வளரும் என்று தெரியுமா என்று கேட்கிறாள். பிந்திய வினாவுக்கு விடை சொல்ல முடியாதவன் முந்தியதற்குச் சொல்லும் விடையை அவள் நம்பத் தயாராக இல்லை. சேட்படையைக் காலம் கடத்தும் உத்தி என்று மட்டும் விளக்கும்போது இத்துறை பொருளற்றுப் போகிறது. கோவைத் துறைகள் இயந்திரத்தன்மை வாய்ந்தவை என்னும் பொதுக்குற்றச்சாட்டையும் இவ்விடத்திலாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

நேற்று இல்லாத வேங்கை

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் வள்ளியம்மை திருமணப் படலம் இம்மரபின் வழியே செல்கிறது. முருகன் வேட்டுவனாக வருகிறான். வேடர் வரவே வேங்கை மரமாகிறான். பின்னர் முதியவனாகித் தேனும் தினைமாவும் உண்டு, நீர் வேட்கையென்று சுனைக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். இறுதியில் விநாயகர் யானையாகத் தோன்ற, அஞ்சிய வள்ளி அவனைத் தழுவுகிறாள். வேட்டுவன் வரவும் யானையின் வரவும் குறிஞ்சிப்பாட்டில் கண்டவையே.

மரக்காட்சியில் ஒரு நுட்பம் உண்டு. வேங்கை குறிஞ்சிக்குரிய மரம்; தெய்வத்தின் தேர்வில் தவறில்லை. ஆயினும் வேடர் திகைக்கின்றனர். முன்பு இங்கே இல்லாத மரம் எப்படி வந்தது, தீங்கு வரும், வெட்டுவோம் என்கின்றனர். புனத்தின் மரங்களை ஒன்றொன்றாக அறிந்தவர்களிடம் இனம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. இடமும் சரியாக இருக்க வேண்டும். இதுவும் நிலத்தின்மையே. உலகைக் காக்கும் தெய்வம் வெட்டுண்ணும் நிலையில் நிற்க, மகளுக்கு நிழலாகட்டும் என்று நம்பி விட்டுவிடுகிறான். சங்கரதாச சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணம் நாடகத்தில், ஆலோலம் பாடும் வள்ளிக்கும் மானைத் தேடிவரும் வேலனுக்கும் நிகழும் தர்க்கம் இந்நகையை மேடைக்குரியதாக்கியது. ஊர்த்திருவிழாக்களில் விடியவிடிய அத்தர்க்கம் நடக்கும்போது, அவையோர் பெரிதும் சுவைப்பது வள்ளியின் எதிர்மொழிகளையே.

நகையின் திசை மாற்றம்

இதுவரை கண்ட இடங்களிலெல்லாம் நிலத்தவர் அயலானைக் கண்டு சிரித்தனர். குறவஞ்சியில் இத்திசை மாறுகிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில், சிங்கியின் காலிலும் கையிலும் கிடக்கும் நகரத்து அணிகலன்களைச் சிங்கனால் அடையாளம் காண முடியவில்லை. பாம்பு முதலியவற்றோடு அவன் அவற்றை மயங்கிக் கேட்க, அவள் ஒவ்வொன்றாக விளக்குகிறாள். மலையை அறிந்தவன் நகையை அறியவில்லை என்பதற்காக அவை சிரிக்கிறது. எள்ளல் பின்னே சென்று பேதைமை முன்வருகிறது. அப்பேதைமை மலையவன்மேல் ஏற்றப்படுகிறது. அதே நூலில் சிங்கி தன் மலைவளத்தைப் பெருமிதத்தோடு பாடுகிறாள் என்பதும், கூடி மகிழும் இன்பம் சிங்கன் சிங்கி இணைக்கே கிட்டுகிறது என்பதும் உண்மை. எனினும் பிற்காலப் பொதுவழக்கில் தங்கியது சிங்கனின் அறியாமையே. மலைமக்களை மேடையிலும் திரையிலும் நகைப்பொருளாக்கும் வழக்கம் சங்க மரபின் தொடர்ச்சி அன்று. அதைத் தலைகீழாக்கிய ஒன்று.

பிரபு சாலமன் இயக்கிய 'கும்கி' (2012) இவ்விரு திசைகளுக்கும் இடையே நிற்கிறது. விளைச்சலை அழிக்கும் காட்டு யானையை விரட்டக் கும்கி கேட்கிறது மலைக்கிராமம். பழக்கப்படாத யானையோடு கும்கிப் பாகனாக நடித்து வருகிறான் பொம்மன். ஊர்த்தலைவன் மகள் அல்லியைக் காதலிக்கிறான். புனம், யானை, தொழிலறியாத பொய்வேடம் ஆகிய மூன்றும் குறிஞ்சியின் பழைய உறுப்புகள். ஆனால் பொய்யைக் கண்டறிந்து நகையாடும் தோழி படத்தில் இல்லை. நகை முழுவதும் தம்பி ராமையா ஏற்ற மாமன் பாத்திரத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. நகையின் வழியே முன்கூட்டிச் சோதிக்கப்படாத பொய் உயிர்களைப் பலிகொண்டு முடிகிறது. கதை அவலத்தில் முடிவதற்கு இவ்வின்மையும் ஒரு காரணம் எனக் கொள்ள இடமுண்டு.

மலையேறியவர்

கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள், கேரளத்து மலையாளிகளோடு தொடர்பற்ற, தமிழ் பேசும் பழங்குடியினர். இம்மலை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஆகிய மூன்று சாகீர்களாக இருந்து 1976இல் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. மலையாளிகளின் தோற்றக் கதையை எட்கர் தர்சுடன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவு செய்தார். காஞ்சிப் பகுதியிலிருந்து சகோதரர் மூவர் புறப்பட்டு வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அக்கதை. அதன் வரலாற்று மெய்ம்மை தனி ஆய்வுக்குரியது. தம்மை மலையை ஆள்பவர் என்று அழைத்துக்கொள்ளும் மக்கள், தாம் ஒரு காலத்தில் கீழிருந்து வந்தவர்கள் என்பதை மறைக்காமல் சொல்கின்றனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

இக்கதையோடு சேர்த்துப் படிக்கும்போது சேட்படையின் தோழி பிறப்பைக் காவல் காப்பவளாகத் தோன்றவில்லை. நிலம் பிறப்பால் மட்டும் வாய்ப்பது என்றால் மறுப்பு ஒரு சொல்லில் முடிந்திருக்கும். அடுத்த துறைக்கு இடமே இராது. திருக்கோவையாரில் நகையாடி மறுத்தபின் இரக்கத்தொடு மறுத்தல் வருகிறது. பின்னர்த் தழையை ஏற்பதும், ஏற்ற தழையைத் தலைவிக்குத் தோழி கொண்டு சேர்ப்பதும் நிகழ்கின்றன.